ஓநாய்க் காசுக்கு 35,000 ரூபாயா?

கேள்வி: விலங்கு உருவம் உள்ள ரோமானியக் காசுகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு தரகர் இரண்டு காசுகளைக் காட்டினார். ஒன்றில் ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறது. ரோம் நகரம் உருவான காலத்தது, அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லி 35,000 ரூபாய் கேட்கிறார். இன்னொன்று யானை போட்ட சதுரச் செப்புக் காசு. அதுவும் ரோமானியக் காசுதானாம். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். நம்பி வாங்கலாமா? கறுப்பாக இருப்பதைப் புளி போட்டுத் துலக்கலாமா? (கரூர் வாசகர்)

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். புளியும் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

யானைக் காசை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். ரோமானியப் பேரரசின் காசுகள் வட்டமானவை. சதுரச் செப்பில் ஒருபக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும் இருந்தால் அது சங்ககாலச் சேரர் காசு. மீன் இருந்தால் பாண்டியர் காசு. நம் மண்ணின் காசு என்று சொன்னால் விலை குறைந்துவிடும் என்று நினைத்து ரோம் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். சேரர் காசு ரோமானியக் காசுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இனி ஓநாய். ஓநாய்ப் பால் குடித்து வளர்ந்த இரட்டையர் ரோமுலஸ், ரேமஸ் கதை ரோம் நகரத்தின் தொடக்கக் கதை. ஆனால் அந்தக் கதை சொல்லும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ரோமில் காசே கிடையாது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் கான்ஸ்டன்டைன் பேரரசர் கி.பி. 330-ஐ ஒட்டி வெளியிடத் தொடங்கிய வெண்கலக் காசாக இருக்கும். புதுத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளைத் திறந்துவைத்தபோது, பழைய ரோமையும் மறக்கவில்லை என்று காட்ட அடித்த காசு அது. தலைப்பக்கம் தலைக்கவசம் போட்ட பெண் இருப்பாள். அவள்தான் ரோமா தேவி. சுற்றிலும் ‘உர்ப்ஸ் ரோமா’ என்று எழுதியிருக்கும் (யு எழுத்தை வி போலத்தான் செதுக்கியிருப்பார்கள்). பின்பக்கம் ஓநாய் நின்று தலையைத் திருப்பிக் குழந்தைகளைப் பார்க்கும். மேலே இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும். அடியில் உள்ள சின்ன எழுத்துகள் நாணயச்சாலையின் அடையாளம்: டி-ஆர்-பி என்றால் ஜெர்மனியின் ட்ரையர், பி-எல்-ஜி என்றால் பிரான்சின் லியோன். காசு நம் ஒரு ரூபாயைவிடச் சிறியது, எடை சுமார் இரண்டரை கிராம்.

பல ஊர்களில் ஏராளமாக அடித்த காசு இது. உலக ஏலங்களில் சுமாரான ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 35,000 என்பது கதைக்கான விலை.

ஒரு விதிவிலக்கை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். இதே ஓநாய் ஒரு வெள்ளிக் காசிலும் வருகிறது. ரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டை கி.பி. 248-இல் பேரரசர் பிலிப் கொண்டாடியபோது விலங்கு வரிசை ஒன்றை வெளியிட்டார். தலைப்பக்கம் பெண்ணுக்குப் பதில் கதிர்முடி சூடிய பேரரசர் இருந்தால், பின்பக்கம் சுற்றிலும் ‘சேக்குலாரெஸ்’ என்று தொடங்கும் எழுத்தும் ஓநாய்க்கு அடியில் இரண்டு நேர்கோடுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கோடுகள் ஆண்டைக் குறிப்பதாகத் தரகர்கள் சொல்வார்கள். அப்படி இல்லை, அது நாணயச்சாலைக்குள் காசை அடித்த பட்டறையின் எண். ஒரு கோடு இருந்தால் சிங்கம், இரண்டு என்றால் ஓநாய். நான்கு கோடுகளோடு நீர்யானை வரும், அந்தக் காசில் பேரரசி ஒட்டாசிலியாவின் முகம் இருக்கும். ஐந்தாம் பட்டறை கலைமானை அடித்தது. விலங்கு மேல் ஆசை உள்ளவர் சேர்க்க இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை. பேரரசர் கல்லியேனஸ் காலத்து மான், சிறுத்தை, குதிரைமனிதன் காசுகளும் உண்டு. அவை பார்க்கச் செம்பு போல இருக்கும், அதிகச் செலவில்லாமல் தொடங்கலாம்.

உங்கள் தரகர் ‘ஆற்றில் கிடைத்தது’ என்கிறாரே, அதை அப்படியே நம்பாதீர்கள். கரூரிலும் மதுரையிலும் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் பெரும்பாலானவை உருவம் மங்கித் தேய்ந்தவை. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிற ஓநாய், மணலில் கிடந்து வந்தது என்றால் சந்தேகப்பட வேண்டும். ‘கோயம்புத்தூர்ப் புதையலில் வந்த சீசர் யானை’ என்று வெள்ளிக் காசு காட்டினாலும் இதே எச்சரிக்கைதான். கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூர் போன்ற இடங்களில் கிடைத்த வெள்ளியில் பெரும்பகுதி பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். அவற்றில் வழக்கமாக வருவது இரண்டு இளவரசர்கள் கேடயத்தோடு நிற்பதும், ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பதும்தான், விலங்கு இல்லை. கி.மு. 49-இல் ஜூலியஸ் சீசர் அடித்த யானைக் காசு அதிகம் போலி செய்யப்படும் காசுகளில் ஒன்று.

போலியைப் பிடிக்க விளிம்பைப் பாருங்கள். உண்மையான காசு கையால் அடித்தது. உருக்கி வார்த்த போலிக் காசில் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு இருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், எழுத்துகள் கரைந்த சோப்பு போல இருக்கும். அவரிடம் இன்னொரு ஓநாய்க் காசு இருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். கையால் அடித்த இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்காது. காந்தம் ஒட்டவில்லை என்று அவர் காட்டினால் அதில் ஒன்றும் இல்லை, போலி வெண்கலத்திலும் ஒட்டாது. இன்னொரு தந்திரம், உண்மையான தேய்ந்த காசில் ஊசியால் கீறி விலங்கைப் புதிதாகச் செதுக்குவது. சுற்றிலும் எழுத்து மங்கியிருக்க ஓநாயின் மயிர் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

அந்தக் கறுப்புப் படலம்தான் காசுக்குப் பாதுகாப்பு, மதிப்பும் அதில்தான். புளி, எலுமிச்சை, பற்பசை எல்லாம் அதைத் தின்றுவிடும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் அது நோய், காசைத் தனியே உலர்வாக வைத்து அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழம்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. அதைக் கேளுங்கள். மண்ணில் கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் அறிவித்திருக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் அறிவிக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தில் எழுதியுள்ள வரம்பு. பத்து ரூபாய்! மணல் சலிப்பவர் கையில் காசு கிடைத்தால் அலுவலகம், விசாரணை என்று பயந்து அன்று மாலையே தரகரிடம் கொடுத்துவிடுகிறார். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதோடு கிடைத்தது என்ற செய்தி அங்கேயே அழிந்துபோகிறது. வட்டாட்சியர் அலுவலகத்திலேயே வாங்கிக்கொண்டு, ரசீதும் நியாயமான பணமும் உடனே கொடுத்தால் போதும். இத்தனை ஆண்டுகளில் இந்தச் சின்ன மாற்றம் நடக்கவில்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தரகரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: உரிம எண், காசின் எடையும் படமும் உள்ள ரசீது, போலி என்றால் பணம் திரும்பத் தருவதாக எழுத்தில் உறுதி. மூன்றையும் தந்தால் அவரோடு ஒரு நகைக்கடைக்குப் போய்த் தராசில் எடை பாருங்கள், இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். விலையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.