வைரஸின் உருவம் தெரிந்து என்ன பயன்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வைரஸைக் கொன்று ஊசியாகப் போட்டால் போதாதா? அதன் வடிவத்தை எதற்கு இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்?

பதில்: போலியோவுக்கு அது போதும் தம்பி. ஆனால் கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் தரும் ஆர்எஸ்வி வைரஸை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் கொன்று 1960-களில் அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், அது காப்பாற்றவும் இல்லை, பிறகு அதே வைரஸ் தொற்றியபோது ஊசி போட்ட குழந்தைகளுக்குத்தான் நோய் கடுமையானது, இரண்டு பேர் இறந்தே போனார்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம் உருவம். வைரஸின் மேலுள்ள எஃப் புரதம் செல்லுக்குள் நுழையும் முன் குட்டையாக, உருண்டு திரண்டு இருக்கும். நுழையும்போது நீண்டு விறைத்துவிடும். கொன்ற வைரஸில் இருந்தது பெரும்பாலும் நீண்ட வடிவம். அதைப் பார்த்து உடலில் உருவான ஆன்டிபாடிகளால், அதாவது நோயை எதிர்க்கும் புரதங்களால், நுழைவைச் சரியாகத் தடுக்க முடியவில்லை.

2013-ல்தான் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம், பீட்டர் குவாங் ஆகிய விஞ்ஞானிகளின் குழுவினர் அந்தக் குட்டை வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில், புரதத்தின் இரண்டு இடங்களைக் கொக்கி போல இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்பு ஒன்றைப் புதிதாகப் போட்டு, உள்ளே இருந்த காலி இடங்களையும் நிரப்பி, அது நீளாதபடி பூட்டியும் காட்டினார்கள். 2023-ல் ஊசி வந்துவிட்டது.

கேள்வி: அந்த ஊசியைக் குழந்தைக்கே போடலாமா?

பதில்: இல்லை, கர்ப்பிணித் தாய்க்கு. ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். முதியவர்களுக்கும் போடுகிறார்கள்.

கேள்வி: கோவிட் ஊசியிலும் இதே வேலைதானா மேடம்?

பதில்: ஆமாம். கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஸ்பைக் புரதத்தில் 986, 987-ஆவது இடங்களில் புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை வைத்தார்கள், அவ்வளவுதான், புரதம் நுழையும் முன் இருந்த வடிவத்திலேயே நின்றது. ஃபைசர், மாடர்னா இரண்டிலும் இது உண்டு, கோவிஷீல்டில் கிடையாது. மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸில் முன்பே செய்து பார்த்திருந்ததால்தான் 2020-ல் அவ்வளவு வேகம். அவசரத்தில் செய்த ஊசி என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: மருந்துக்கும் உருவம் உதவுமா? வைரஸ்தான் மாறிக்கொண்டே இருக்கிறதே?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஃப்ளூ வைரஸ் ஒரு செல்லிலிருந்து விடுபட்டுப் பரவ உதவும் நியூராமினிடேஸ் நொதியின் வடிவம் 1983-ல் வெளியானது. அதில் நம் செல்களின் மேலுள்ள ஒரு சர்க்கரை போய் உட்காரும் குழி ஒன்று இருக்கிறது, அதன் ஓரத்தில் எதிர்மின்சுமையோடு கொஞ்சம் காலி இடம். ஆஸ்திரேலியாவில் அந்தச் சர்க்கரையைப் போலவே ஒரு மூலக்கூறு செய்து, அந்த இடத்தில் நேர்மின்சுமை கொண்ட குவானிடின் தொகுதியைப் பொருத்தினார்கள். அதுதான் சனாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து. வைரஸ் மாறும், உண்மைதான், ஆனால் குழியை ரொம்ப மாற்றினால் அதன் வேலையே கெட்டுவிடும். ஓசெல்டாமிவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மாத்திரை அந்தக் குழிக்குள் உட்கார நொதி கொஞ்சம் நெகிழ்ந்து இடம் கொடுக்க வேண்டும். 2008-ல் பரவிய எச்1என்1 ஃப்ளூ ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி அந்த நெகிழ்வைத் தடுத்துவிட்டது. அசல் சர்க்கரையை ஒட்டியே இருந்த சனாமிவிர் அந்த வைரஸிடமும் வேலை செய்தது.