குழலடி முத்திரை சொல்லும் ஊர்

கேள்வி: தாத்தாவின் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி உரிமத்துடன் எங்களிடம் இருக்கிறது. குழல்மேல் கல்கத்தா கடைப்பெயர் உள்ளது. செய்தவர் அந்தக் கடைக்காரர்தானா? (வாசகர், திருவையாறு)

பதில்: கடைப்பெயரை நம்பி முடிவுகட்ட வேண்டாம், பர்மிங்காமில் செய்து வந்த துப்பாக்கிகளில் இங்குள்ள வணிகர்கள் தம் பெயரைப் பொறித்து விற்றது அன்று சகஜம். தோட்டா இல்லையென்று உறுதிசெய்தபின், துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரைக் கொண்டு குழலைக் கழற்றி அடிப்புறத்தைப் பாருங்கள். குழல் வெடியைத் தாங்குமா என்ற சோதனையில் தேறியதற்கான முத்திரை அங்கே இருக்கும். கிரீடத்தின் கீழ் இரு செங்கோல்கள் குறுக்காக இருந்தால் அது 1813-க்கும் 1904-க்கும் இடையே பர்மிங்காமில் சோதனை தேறியது, கிரீடத்தின் கீழ் ஜி, பி எழுத்துகள் பின்னியிருந்தால் லண்டன், நீள்வட்டத்துள் இ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். ‘நாட் ஃபார் பால்’ (தனிக்குண்டுக்கு அல்ல) என்ற பொறிப்பு கிடைத்தால் காலத்தைக் கணிக்க அதிர்ஷ்டமே, ஏனெனில் அது 1875 முதல் 1887 வரை மட்டுமே வழங்கியது. முத்திரை சோதனை நடந்த ஊரைத்தான் காட்டும். செய்தவரை அறிய, அருகிலுள்ள முதலெழுத்துகளையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டெல்டா ஈரக்காற்றில் ஏறிய துருவை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள், முத்திரையும் சேர்ந்தே போய்விடும். மெல்லிய எண்ணெயில் நனைத்த துணியே போதும்.