வேகம் ஏறினால் மூக்கைத் தூக்கும் ஹைட்ரோஃபாயில்: மறுமொழி

ஹைட்ரோஃபாயில் பலகையை நீருக்கு மேலே தூக்கிப் பிடிப்பவை நீருக்கடியில் உள்ள முன், பின் இறக்கைகள். அதில் பின் இறக்கையின் கோணத்தை அரை டிகிரி குறையுங்கள். மாஸ்ட்டை (பலகையிலிருந்து கீழே இறங்கும் செங்குத்துத் தண்டு) நகர்த்த வேண்டாம். நகர்த்துவது ஒரே ஒரு வேகத்துக்குத்தான் சமநிலை தரும்.

மெதுவாகப் போகையில் சரியாக இருந்து, வேகம் பிடித்ததும் முன்காலை எவ்வளவு அழுத்தினாலும் பலகை எகிறுகிறது என்கிறீர்கள். இரு இறக்கைகளுக்கும் இடையிலான கோண வித்தியாசம் அதிகமாக இருக்கலாம். பின் இறக்கை வாலைக் கீழே அழுத்துகிறது. வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். உங்கள் எடை கூடாதே!

முதலில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு இறக்கையின் நடுவிலும் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தொடும்படி நேர்ச்சட்டம் வைத்து, டிஜிட்டல் கோணமானியால் அளக்கலாம். வித்தியாசம் 3 டிகிரியைத் தாண்டினால் காரணம் பெரும்பாலும் அதுவே.

பின் இறக்கையைப் பிடிக்கும் முன், பின் போல்ட்டுகளுக்கு இடையே 40 மி.மீ. என்றால், அரை டிகிரிக்கு 0.35 மி.மீ. தடிமனுள்ள தகடு போதும். பின் இறக்கை ஃபியூசிலாஜின் (இரு இறக்கைகளையும் இணைக்கும் கிடைத்தண்டு) மேலே அமர்ந்திருந்தால் முன் போல்ட்டுக்கு அடியில் வையுங்கள்; கீழே தொங்கினால் பின் போல்ட்டுக்கும் ஃபியூசிலாஜுக்கும் நடுவே. இதை மாற்றி வைத்தால் எகிறல் இன்னும் மோசமாகும். கார்பன் இறக்கை என்றால் பிளாஸ்டிக் தகடே நல்லது; உப்புநீரில் கார்பனைத் தொடும் அலுமினியம் அரிக்கும்.

ஒரு தடவைக்கு அரை டிகிரிக்கு மேல் மாற்றாதீர்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் எழும்பவே கூடுதல் வேகம் வேண்டும், மூக்கும் திடீரெனக் குத்தும். திருப்பங்களில் மட்டும் எகிறுகிறது என்றால் கோணத்தை விட்டுவிட்டு, மாஸ்ட் முறுக்குகிறதா என்று பாருங்கள்.