ஒரு தாய் வயிற்று இனம்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் வாழும் கருப்பு ராபின் பறவையினம் ஒரே ஜோடியிலிருந்து மீண்டதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். மாமன் மகளைக் கட்டினாலே பிள்ளைக்குக் குறை வரலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். உடன்பிறந்தவையே ஜோடி சேர்ந்து பெருகிய இனம் எப்படி நிலைக்கும்?

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள அம்மா,

சேலத்தில் பலரையும் போல நானும் தாய்மாமன் மகளை மணந்தவன் என்பதால் உங்கள் கேள்வி என்னையும் தொடுகிறது. மருத்துவர்கள் சொல்வது சரிதான்; ஒளிந்திருக்கும் குறை தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒருசேர வரும்போது வெளிப்படுகிறது. ஆனால் இந்தப் பறவைகள் 1980-இல் ஐந்தாகக் குறைவதற்கு முன்பே, ஏறத்தாழ நூறாண்டு காலம் லிட்டில் மாங்கெரே என்ற சிறு பாறைத் தீவில் அடைபட்டுத் தமக்குள்ளேயே கலந்து வந்தவை. குறையுள்ள குஞ்சுகள் அப்போதே மடிந்து, கொடிய குறைகளில் ஒரு பகுதி கழிந்திருக்கும் என்பது ஒரு விளக்கம்.

கழியாமல் நின்றதும் உண்டு. அந்த ஐந்தில் இனத்தைப் பெருக்கிய ஒரே பெட்டை, கால் வளையத்தின் நிறத்தால் 'ஓல்ட் ப்ளூ' எனப்பட்ட தாய்ப்பறவை. அதன் முட்டைகளை நியூசிலாந்துப் பறவைப் பாதுகாவலர் டான் மெர்ட்டனின் குழுவினர் எடுத்து, காக்கைக் கூட்டில் குயில் முட்டை பொரிவதுபோல வேறொரு சிறு பறவையின் கூட்டில் பொரிக்கவிட்டு, தாயை மறுபடியும் முட்டையிட வைத்தார்கள். எண்ணிக்கை ஏறத் தொடங்கியபோது, சில பெட்டைகள் முட்டையைக் கூட்டின் குழியில் இடாமல் விளிம்பில் இட்டன. அங்கே கிடக்கும் முட்டை அடைகாக்கப்படாமல் வீணாகிவிடும் என்பதால், அதை மெல்ல உள்ளே தள்ளிவிட்டார்கள். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் விளிம்பில் இடுவது மரபணு வழியே வரும் பழக்கம். காப்பாற்றப்பட்ட குஞ்சுகளோடு அதுவும் பெருகி, 1989-க்குள் பாதிக்கும் மேற்பட்ட பெட்டைகள் விளிம்பில் முட்டையிட்டன. தள்ளிவிடுவதை நிறுத்திய பிறகே அது படிப்படியாகக் குறைந்தது.

உங்கள் ஊர் அராபிகா காப்பியும் யேமனிலிருந்து வெளியே போன சில செடிகளின் வழிவந்ததுதான். இலைத்துரு நோய்க்கு எளிதில் இரையாவதும் அதனால்தான். அங்கே லைபீரிகா என்னும் வேற்றினத்தின் கலப்புள்ள எஸ்.795 போன்ற ரகங்கள் கைகொடுத்தன. இன்று சுமார் 250 ஆகியுள்ள ராபினுக்கோ கொண்டுவந்து கலக்க வேறொரு கிளை எங்கும் மிச்சமில்லை. அதனால்தான் ஒன்றில் நோயோ எலியோ புகுந்தாலும் மற்றது தப்பட்டும் என்று, மாங்கெரே, ரங்கட்டிரா என இரண்டு தீவுகளில் அவற்றைக் குடியமர்த்தியிருக்கிறார்கள்.