பழைய அமெரிக்கன் டாப் 40 நிகழ்ச்சியில் கேசி கேசம் லீவு போட்ட வாரங்களில் வந்த ஸ்டெப்னி தொகுப்பாளர்கள் யாரையாவது நினைவிருக்கிறதா? அவர்கள் வந்தால் ஏமாற்றமாக இருந்ததா?

நினைவிருக்கிறதாவா? சார்லி வான் டைக் குரலை நடுராத்திரியில் தூக்கத்தில் எழுப்பிப் போட்டுக் காட்டினாலும் அடையாளம் சொல்வேன்.

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் சில ஸ்டேஷன்களில் வார இறுதியில் மறு ஒலிபரப்பாகும் எழுபது, எண்பதுகளின் பழைய டாப் 40-ஐ இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கேசி குரலுக்காக ரேடியோவைப் போட்டிருப்பீர்கள், வேறு யாரோ பேசியிருப்பார், எரிச்சல் வந்திருக்கும். நியாயம்தான். ஆனால் ஸ்டெப்னி என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் தாண்டிப் போக முடியவில்லை. காரணம் கீழே வரும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1970 ஜூலை 4 வார இறுதியில் தொடங்கிய நிகழ்ச்சி அது. பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதல் நாற்பது இடத்தில் இருக்கும் பாட்டுகளை, நாற்பதாவதில் தொடங்கி முதலிடம் வரை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். முதலில் மூன்று மணி நேரம் ஓடியது. பாட்டுகளின் நீளம் கூடிக்கொண்டே போனதால் 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக்கினார்கள். அதன் வழக்கமான தொகுப்பாளர் கேசி கேசம், டெட்ராய்ட்டில் பிறந்த லெபனான் வம்சாவளிக்காரர். ஸ்கூபி-டூ கார்ட்டூனில் ஷாகி பேசியதும் அவர் குரல்தான். அந்த மனுஷன் தீவிர சைவம். பர்கர் விளம்பரத்துக்கு ஷாகி குரலில் பேச மாட்டேன் என்று 1995-இல் அந்த வேலையையே விட்டவர். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த விஷயம், சொல்லிவிட்டேன்.

நான் எண்பதுகளின் நடுவில் மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வுக்கூடத்தில் என்னையும் ஓர் அமெரிக்க நண்பனையும் தவிர ஈ காக்கை இருக்காது. அலமாரி மேல் ஒரு ரேடியோ, ஏரியல் உடைந்த இடத்தில் சட்டை மாட்டும் கம்பியைச் சொருகியிருக்கும். அவன் ஒரு சுருள்கம்பி நோட்டு வைத்திருப்பான். ஒரு பத்தியில் இந்த வார இடம், அடுத்ததில் போன வார இடம், அதற்கடுத்து பாட்டின் பெயர். நடுவில் சோதனைக்குழாயைக் கவனிக்கப் போய் ஒரு பாட்டைத் தவறவிட்டால் அன்று முழுக்க முகம் தொங்கிப்போகும். அவனைப் பார்த்து நானும் ஒரு நோட்டுப் போட்டேன், தமிழில். கேசி வராத வாரம் ஓரத்தில் 'மா' என்று எழுதிப் பக்கத்திலேயே வந்தவர் பெயரையும் எழுதி வைப்பேன். மாற்று ஆள் என்பதற்குத்தான் 'மா'.

இப்படி வந்தவர்கள் யாரும் சில்லறை ஆட்கள் இல்லை. 1972-லேயே கேசிக்குப் பதிலாக உட்கார்ந்தவர் டிக் கிளார்க். அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட் மூலம் நாடு முழுக்கத் தெரிந்த முகம் அவர். உல்ஃப்மேன் ஜாக் வந்திருக்கிறார், அந்தக் கரகரக் குரலோடு. மார்க் எலியட் பெயர் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். டிஸ்னி வீடியோ கேசட்டைப் போட்டால் படத்துக்கு முன்னால் விளம்பரம் பேசுவாரே, அவர்தான். கெரி டாம்பேசியன் என்ற பெண் அறிவிப்பாளரும் வந்திருக்கிறார். எல்லாரையும்விட அதிகமாக வந்தவர் சார்லி வான் டைக். லாஸ் ஏஞ்சலஸில் கேஎச்ஜே ஸ்டேஷனில் காலை நேரத்தைக் கையில் வைத்திருந்தவர். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல்.

அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். கேசி மாதிரி பேச முயன்றதே இல்லை. ஆரம்பத்திலேயே தன் பெயரைச் சொல்வார், கேசிக்காக வந்திருக்கிறேன் என்பார், நேராக நாற்பதாவது பாட்டுக்குப் போய்விடுவார். மன்னிப்புக் கேட்கிற தொனி இருக்காது, பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டோமே என்ற கூச்சமும் இருக்காது. சில பேர் கேசியின் இழுவையைக் காப்பியடிப்பார்கள். விளம்பரத்துக்கு முன்னால் புதிர் போட்டுவிட்டு, வந்து விடை சொல்வது கேசியின் பாணி. அதையே அதே ஏற்ற இறக்கத்தில் இன்னொருவர் சொல்லும்போது கேட்கிற நமக்குக் கூசும்.

இன்னொன்று. கடைசி நேரத்தில் கேசிக்கு ஜலதோஷம், யாரையோ பிடித்து உட்கார வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒலிபரப்பாகும் நேரத்தில் அப்படி நடக்க வழியே இல்லை. அது நேரடி ஒலிபரப்பு அல்ல. ஹாலிவுட்டில் முன்கூட்டியே பதிவு செய்து, பக்கத்துக்கு அரை மணி நேரமாக எல்.பி. இசைத்தட்டுகளில் அச்சடித்து, எந்த நிமிஷத்தில் எது வரும் என்ற தாளோடு ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பெட்டியில் அனுப்புவார்கள். ஸ்டேஷன்காரர் தட்டைப் போட்டு நடுவில் உள்ளூர் விளம்பரத்தைச் செருகுவார். பாட்டுகளுக்கு நடுவே சொல்லும் துணுக்குத் தகவல்களைத் தேடி எழுதிக் கொடுக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். மாற்று ஆளுக்கும் அதே எழுத்து, அதே இசைத் துணுக்கு, அதே நேரக் கணக்கு. மாறுவது குரல் ஒன்றுதான்.

கேசியைக் குறைக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கோர்வையின் அருமை அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. 1985-இல் செத்துப்போன நாய்க்குட்டிக்காக ஒருவர் பாட்டுக் கேட்டு எழுதிய கடிதத்தை ஒரு துள்ளல் பாட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். துள்ளல் பாட்டிலிருந்து வெளியே வந்து சாவைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவர் ஸ்டுடியோவில் கத்திய கத்தல் கேசட்டாகக் கசிந்து இன்றும் சுற்றுகிறது. கெட்ட வார்த்தைக்காகச் சிரிக்கிறார்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

'பினாகா கீத்மாலா பற்றி ஒரு வரி இல்லையே' என்று கருத்துப் பகுதியில் ஒருவர் வருவார், தெரியும். 1952-இல் இலங்கை வானொலியில் தொடங்கிய அந்த இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சியை நானும் கேட்டு வளர்ந்தவன்தான். அங்கே அமீன் சயானி குரல்தான் நிகழ்ச்சி. ஆனால் இங்கே கேட்ட கேள்வி மாற்று ஆட்களைப் பற்றியது.

இனி என் கதை. எங்கள் பல்கலைக்கழக எஃப்எம் ஸ்டேஷனில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தமிழ்ப் பாட்டு உண்டு. நடத்தியவர் எனக்குச் சீனியர், அண்ணா என்றே வைத்துக்கொள்வோம். நல்ல குரல், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கடைசி அரை மணி நேரம் 'முதல் பத்து' போடுவார். சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் போனிலும் தபாலட்டையிலும் ஓட்டுப் போடும். ஒரு டிசம்பரில் அவர் ஊருக்குப் போனபோது நிகழ்ச்சியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வேலை என்று செய்தவனுக்குத்தான் தெரியும். பாதிப் பாட்டு கேசட்டில் இருக்கும். பென்சிலை விட்டுச் சுற்றி, பாட்டு தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி, வரிசையாக மேசையில் அடுக்க வேண்டும். நடுவில் எழுந்து போய் டிரான்ஸ்மிட்டர் மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் ஸ்டேஷனின் அழைப்பெழுத்தையும் (கேஎச்ஜே மாதிரி) ஊர்ப் பெயரையும் சொல்லியாக வேண்டும், அது எஃப்சிசி என்ற அமெரிக்க ஒலிபரப்பு ஆணையத்தின் விதி. இளையராஜாவின் முன்னிசை பாட்டுக்குப் பாட்டு நீளம் மாறும். எங்கே குரல் ஏறுகிறது என்று தெரியாமல் பேசினால் பல்லவி மேலேயே விழுவோம். நான் விழவில்லை. வீட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் விநாடி எண்ணி, கேசட் உறையின் மேல் எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

வான் டைக் பாணியிலேயே ஆரம்பித்தேன். என் பெயர், அண்ணா ஊருக்குப் போயிருக்கிறார், இதோ முதல் பாட்டு. அவ்வளவுதான். முதல் பத்தில் பாதி தாண்டியிருக்காது, போன் விளக்கு எரிந்தது. அங்கே மணி அடிக்காது, விளக்குதான்.

"ஹலோ, அவர் இல்லையா?"

"ஊருக்குப் போயிருக்கார் மாமி. அடுத்த மாசம் வந்துடுவார்."

"போன வாரம் மூணாவதா இருந்த பாட்டு இன்னிக்கு ஏழாவதுக்குப் போயிடுத்தே, நீங்க மாத்திட்டேளா?"

"ஓட்டை எண்ணித்தான் மாமி போட்டிருக்கேன்."

"அவர் இருந்திருந்தா இறங்கியிருக்காது."

வைத்துவிட்டார். இதில் வேடிக்கை, அந்தப் பாட்டுக்கு அந்த வாரம் வந்த ஓட்டெல்லாம் அந்த மாமி வீட்டிலிருந்து வந்தவைதான். ஒரே கையெழுத்தில் நாலு பேர் பெயரோடு ஒரு தபாலட்டை. போன வாரம் எத்தனை வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அண்ணா விட்டுப்போன கோப்பைப் புரட்டினேன். பத்துப் பாட்டுப் பட்டியல் வாராவாரம் ஒழுங்காக இருந்தது. ஓட்டு எண்ணிய தாள் ஒன்றுகூட இல்லை. இதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே புரிந்துகொள்ளுங்கள். அந்த டிசம்பரில் அந்த ஊர்த் தமிழர்கள் கேட்டது உண்மையாகவே எண்ணப்பட்ட முதல் பத்து என்று மட்டும் நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

அண்ணா திரும்பி வந்த வாரம் ரேடியோவைப் போட்டுக் காத்திருந்தேன். "நான் இல்லாத நாட்களில் நிகழ்ச்சி கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம்" என்றார். என் பெயர் வரவில்லை. மாமியின் பாட்டு மறுபடி மூன்றாவது இடத்தில் இருந்தது.

பெயர் சொல்லாத இந்த வியாதி ரேடியோவோடு முடியவில்லை. நான் இப்போது இருக்கும் ஊரின் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்குத் தொகுப்புரை எழுதுவது வருஷா வருஷம் நான். மைக்கைப் பிடிப்பது நன்கொடை கொடுத்தவரின் மருமகள். நான் எழுதியதில் பாதியை விட்டுவிட்டு, மீதியை ஆங்கிலத்தில் சொல்லி, நடுவில் "கமான், கிளாப் பண்ணுங்க" என்று ஒரு வாக்கியம். விழா மலரில் பார்க்கிங் பார்த்துக்கொண்டவர் வரை நன்றி இருக்கும். எழுதியவனுக்கு இருக்காது. கேட்டால் 'அடுத்த வருஷம் போட்டுடலாம் சார்'. பதவி ஆசை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒரே ஒரு வரி.

சரி, கேள்விக்கு வருகிறேன். மாற்று ஆள் வந்தால் ஏமாற்றமாக இருந்ததா என்றால், முதல் பத்து நிமிஷம் இருக்கும், பிறகு மறந்துவிடும். உண்மையான ஏமாற்றம் 1988-இல் வந்தது. சம்பளப் பேச்சு முறிந்து கேசி ஆகஸ்ட் 6 வாரத்தோடு போய்விட்டார். 13-ஆம் தேதி ஷாடோ ஸ்டீவன்ஸ் உட்கார்ந்தார். கெட்டிக்காரர்தான், வேகமும் இருந்தது. ஆனால் என் ஆய்வுக்கூட நண்பன் அன்றைக்கே நோட்டை மூடிவிட்டான். இத்தனைக்கும் வான் டைக் வந்த வாரங்களை அவன் ஒன்றுகூட விட்டதில்லை. ஒரு வாரத்து விருந்தாளி என்றால் அடுத்த வாரம் கேசி வருவார் என்ற தைரியம் இருக்கும். இனிமேல் வரவே மாட்டார் என்று தெரிந்த பிறகு கேட்கிற காது வேறு. 1989 ஜனவரியில் கேசி வேறு நிறுவனத்தில் தன் பெயரிலேயே ஒரு டாப் 40 தொடங்கினார். பல ஸ்டேஷன்கள் அவர் பின்னாலேயே போய்விட்டன. பாவம், ஷாடோ ஸ்டீவன்ஸ் செய்த தப்பு அதில் எதுவும் இல்லை. அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

நீங்கள் கேட்ட மறு ஒலிபரப்பு எந்த ஆண்டு, எந்த மாதம் என்று கருத்தில் போடுங்கள். முதலிடப் பாட்டு எது என்று தெரிந்தாலும் போதும். 1985-க்குப் பிறகென்றால் நோட்டில் பார்த்துப் பேசியது யார் என்று சொல்லிவிடுவேன். அதற்கு முந்தையதென்றால் நண்பனிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும். அவன் நோட்டு எழுபதுகளிலிருந்தே இருக்கிறது, ஆனால் மின்னஞ்சலுக்குப் பதில் போட ஒரு வாரம் எடுத்துக்கொள்வான்.