பூசணியின் தண்ணீர் (வாசகர் கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். என் அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். எண்ணெயைக் குறைக்கலாம் என்று, சூடான காற்றில் வறுக்கிற ஏர் ஃப்ரையர் மெஷின் வாங்கினோம். போன வாரம் இங்கே ஒரு கடையில், கழுத்து நீண்டு அடி குண்டாக இருக்கிற பட்டர்நட் பூசணி கிடைத்தது. வெட்டுவதற்குள் பெரும்பாடு ஆகிவிட்டது. துண்டு போட்டு, உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் பிசறி, மசாலா இறங்கட்டும் என்று அரை மணி நேரம் வைத்தேன். பிறகு மொத்தக் காயையும் கூடையில் கொட்டி 200 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். மேலே இருந்தவை முனை கருகிவிட்டன. கீழே இருந்தவை குழைந்து, அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கு நம்மூரு பூசணிய வாங்கி ரெண்டு கடுகு தாளிச்சிருந்தா ஆகாதா?" என்றார். கோளாறு மெஷினிலா, காயிலா? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. இதை அவருக்குக் கொடுக்கலாமா?

ஒரு வாசகன், ஓசூர்

அன்புள்ள தம்பிக்கு,

மெஷினிலும் கோளாறு இல்லை, காயிலும் இல்லை. அடியில் தேங்கிய தண்ணீர்தான் காரணம். பட்டர்நட் 100 கிராம் எடுத்தால் அதில் ஏறக்குறைய 86 கிராம் தண்ணீர். கத்தி இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

ஏர் ஃப்ரையருக்குள் மேலே ஒரு கம்பிச் சுருள் சூடாகிறது. ஒரு விசிறி அந்தச் சூட்டைக் கூடைக்குள் சுழற்றி விடுகிறது. எண்ணெய்ச் சட்டியில் காய் மூழ்கிக் கிடப்பதால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சூடு ஏறும். இங்கே காற்று தொடுகிற பக்கத்துக்குத்தான் சூடு. ஈரம் இருக்கிறவரை துண்டின் மேற்புறம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நீங்கள் 200 வைத்தாலும் சரி. காய் சிவந்து வறுத்த வாசம் வருவதோ ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேலே. மொத்தக் காயையும் கொட்டினால் கீழே இருக்கிற துண்டுகள் விடுகிற ஆவிக்குப் போக வழி இல்லை. அந்த ஆவியிலேயே அவை அவிந்துவிடுகின்றன. மேலே இருப்பவைதான் காற்றில் காய்ந்து கருகுகின்றன. உங்களுக்கு நடந்தது இதுதான்.

அதனால் சிரமம் பார்க்காமல் இரண்டு தடவையாகப் போடுங்கள். நடுத்தரக் கூடை என்றால் ஒரு தடவைக்கு 300 கிராம் போதும். துண்டுகள் ஒரே அடுக்காக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்க வேண்டும். கரண்ட் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1,500 வாட் மெஷின் 20 நிமிடம் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது.

உப்பு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். மீனுக்கும் கோழிக்கும் ஊற வைப்பது சரி, பூசணிக்கு அது ஆகாது. வெட்டிய துண்டுகளை ஒரு துணியில் ஒற்றி எடுத்து, 300 கிராமுக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் தடவி, கூடையில் போடுகிற நேரத்தில் உப்பைத் தூவுங்கள். எண்ணெயை அடியோடு விட்டுவிடாதீர்கள். பூசணிக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிற பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

துண்டு இரண்டு செ.மீ. அளவு இருக்கட்டும். மெஷினை மூன்று நிமிடம் வெறுமனே சூடாக்கிவிட்டு, 190 டிகிரியில் 16 முதல் 20 நிமிடம் வையுங்கள். நடுவில் இரண்டு முறை கூடையை எடுத்துக் குலுக்க வேண்டும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் சீக்கிரம் புகையும், அதைச் சேர்த்தால் 180 வைத்து இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும், கடைசி நாலு நிமிடத்தில் தூவினால் போதும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இது உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி மொறுமொறுப்பாக வராது. ஓரம் சிவந்து, உள்ளே வெண்ணெய் போல இளகி, இனிப்பு கூடியிருக்கும். அதுதான் இந்தக் காயின் உண்மையான ருசி.

வெட்டுவதற்கு ஒரு வழி உண்டு. கழுத்தையும் குண்டுப் பகுதியையும் முதலில் தனித்தனியாக வெட்டிவிடுங்கள். தட்டையான பக்கம் கீழே இருந்தால் காய் உருளாது, கத்தி வழுக்காது. விதையெல்லாம் குண்டுப் பகுதியில்தான், கழுத்து முழுக்கச் சதை. அதனால் வாங்கும்போது கழுத்து நீளமாக, தடித்ததாகப் பாருங்கள். தோலில் பச்சைக் கோடு இருந்தால் முற்றவில்லை என்று பொருள். தோலைச் சீவ வேண்டியதில்லை, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், வெந்ததும் மெத்தென்று ஆகிவிடும். வெட்டாத காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே அது கெட ஆரம்பிக்கும்.

இனி அம்மா கேட்டதற்கு வருகிறேன், ஏனென்றால் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பட்டர்நட் 1940களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவான வகை. தாவர நூலில் அதன் பெயர் குக்குர்பிட்டா மொஸ்கேட்டா. நம் சந்தைக்கு வருகிற மஞ்சள் பூசணியில் பெரும்பாலானதும் இதே இனம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கோ 1, கோ 2 ரகங்களும் இதே இனம்தான். அம்மா கையில் எடுத்துப் பார்த்தால் அவருக்குப் பழக்கப்பட்ட காய்தான் அது. அவர் சொன்ன கடுகு இதற்கும் பொருந்தும். ஆனால் தாளிப்பை மெஷினுக்குள் போடாதீர்கள். கறிவேப்பிலை காற்றில் பறந்து மேலே கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகிவிடும். துண்டுகள் வெந்து வெளியே வந்ததும் தாளிப்புக் கரண்டியில் கடலை எண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை பொரித்து மேலே ஊற்றி, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவுங்கள். நம் பக்கத்து வேர்க்கடலை இருக்கும்போது, வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற இலைப் பொடிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதே முறையில் நம்மூர்ப் பூசணியையும் போடலாம். அதில் தண்ணீர் சில சமயம் கூடுதலாக இருக்கும், நாலைந்து நிமிடம் அதிகம் பிடிக்கும்.

குண்டுப் பகுதியை நான் துண்டு போடுவதே இல்லை. இரண்டாகப் பிளந்து, விதையை வழித்து எடுத்து, வெட்டிய பக்கம் மேலே பார்க்க வைத்து எண்ணெய் தடவி, 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வைப்பேன். தோலோடு நாலு பல் பூண்டையும் அலுமினியத் தாளில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிடுவேன். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. சதையைக் கரண்டியால் வழித்து, அந்தப் பூண்டு, சுட்ட காய்ந்த மிளகாய், சீரகம், கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு சேர்த்து மத்தால் கடைந்தால் கேழ்வரகுக் களிக்கு அருமையான கடையல். இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் சேர்ந்து, சூடான களியோடு தொண்டையில் இறங்கும்போது அம்மா நிச்சயம் இன்னொரு கரண்டி கேட்பார். மெஷின் நம் வீட்டுக்கு வந்ததற்கு எனக்குத் தெரிந்த நல்ல பயன் இதுதான். அடுப்புப் பக்கம் நின்று கிண்டாமல் இப்படிச் சுட்ட ருசி வேறு எதில் கிடைக்கும்?

எந்தப் பூசணி, எந்தச் சுரைக்காய் என்றாலும் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நச்சு, வேக வைத்தாலும் போகாது. காசு போகிறதே என்று யோசிக்க வேண்டாம்.

சர்க்கரை பற்றிக் கேட்டீர்கள். கொடுக்கலாம், ஆனால் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். 100 கிராம் பச்சைக் காயில் ஏறக்குறைய 12 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, நார்ச்சத்து 2 கிராம்தான். வெந்து தண்ணீர் போன பிறகு, அதே எடைத் துண்டில் இந்த அளவு இன்னும் கூடும். கீரை, புடலங்காய் போல வேண்டிய மட்டும் சாப்பிடுகிற காய் இல்லை இது. சோற்றோடும் களியோடும் சேர்த்து எண்ண வேண்டியது. கடையல் வைக்கிற அன்றைக்கு அம்மாவின் களி உருண்டையைச் சின்னதாக்கி, கூட ஒரு கீரையும் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்.