எந்த மண்ணில் நின்று அளந்தோம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் ஆறு, வெவ்வேறு துறையினர் எழுதியவையாக இருந்தும், ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. கல்விப்புல ஆய்வில் ‘உலகளாவிய பார்வை’ என்று எதைச் சொல்கிறோம், அது எதற்குத் தேவை என்பதே அந்தப் பொருள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (சமூக அறிவியல் ஆய்வு மாணவி): என் ஆய்வேட்டின் முன்வரைவைப் படித்த நெறியாளர், ‘உலகளாவிய பார்வை போதவில்லை’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். பிற நாடுகளில் இதே பொருள் குறித்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஓர் இயல் சேர்த்துவிட்டால் குறை நீங்கிவிடுமா?

பதில்: நீங்காது என்றே நினைக்கிறேன். பத்து நாடுகளின் ஆய்வுகளை ஓர் இயலில் வரிசையாக அடுக்கிவிட்டு, அடுத்த இயலிலிருந்து அவற்றை முற்றிலும் மறந்துவிடும் ஆய்வேடுகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் பக்கங்கள் கூடியிருந்தனவே தவிர, முடிவுகளுக்கு வலு கூடவில்லை. ‘மனிதர்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள்’ என்று நீங்கள் எழுதும் இடத்திலெல்லாம், ‘எந்த மனிதர்கள்?’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும் என்பதைத்தான் நெறியாளர் எதிர்பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உளவியல் துறை இந்தக் கேள்வியை மிகத் தாமதமாகவே தன்னிடம் கேட்டுக்கொண்டது. 2003 முதல் 2007 வரை அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முன்னணி ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை ஜெஃப்ரி ஆர்னெட் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆய்வுக்கு உட்பட்டவர்களுள் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். 68 விழுக்காட்டினர் அமெரிக்காவில் மட்டுமே இருந்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர், பேராசிரியரின் கைக்கு எளிதில் எட்டிய கல்லூரி மாணவர்கள். இரண்டாண்டுகள் கழித்து ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய இரு சகாக்களும் எழுதிய நீண்ட கட்டுரை, இந்தச் சிறு பிரிவினர் மனித இனத்துக்குச் சராசரி மாதிரியாக இல்லாததோடு, பல அளவுகோல்களில் ஓரத்தில் நிற்கும் விதிவிலக்காகவே இருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியது.

கண்ணால் காண்பதாவது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்போம். இரண்டு கோடுகள் ஒரே நீளம்தான் என்றாலும், ஒன்றின் முனைகளில் அம்புக்குறிகள் உள்நோக்கியும் மற்றொன்றில் வெளிநோக்கியும் இருந்தால் ஒன்று நீண்டதாகத் தோன்றும் முல்லர்-லையர் தோற்றமயக்கத்தைப் பள்ளிப் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். அதைப் பல சமூகங்களில் சோதித்த ஆய்வு ஒன்று 1966இல் வெளிவந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு இரு கோடுகளும் சமமாகத் தோன்ற, ஒரு கோட்டை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீட்ட வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் வாழும் சான் மக்களுக்கோ அந்த மயக்கம் அநேகமாக இல்லவே இல்லை. செங்கோண மூலைகள் நிறைந்த அறைகளில் வளர்வது பார்வையையே பழக்கிவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அந்த விளக்கம் இன்னும் விவாதத்துக்கு உரியதுதான். ஆனால், மனித மூளையின் இயல்பு என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட ஒன்று வளர்ப்புச் சூழலின் விளைவாகவும் இருக்கக்கூடும் என்ற கேள்வி, கலகாரிவரை சென்று பார்த்ததால்தான் எழுந்தது.

எனவே தனி இயலைச் சேர்ப்பதற்கு முன், உங்கள் முடிவுரையில் உள்ள வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எந்தெந்த வாக்கியம் நீங்கள் தரவு சேகரித்த இடத்தைத் தாண்டிப் பேசுகிறது என்று அடிக்கோடிடுங்கள். நெறியாளர் சுட்டிய குறை அந்தக் கோடுகளின் மேல்தான் இருக்கும்.

கேள்வி (இயற்பியல் ஆசிரியர்): சமூக அறிவியலுக்கு இது பொருந்தலாம். எலக்ட்ரானின் நிறை எல்லா நாட்டிலும் ஒன்றுதானே? இயற்கை அறிவியலில் உலகளாவிய பார்வை என்பது வெறும் அலங்காரச் சொல் என்று எனக்குப் படுகிறது.

பதில்: எலக்ட்ரானைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அறிவியல் உண்மை நாட்டுக்கு நாடு மாறும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால், எங்கும் ஒன்றாகவே இருக்கும் ஓர் உண்மையை ஓரிடத்தில் இருந்தபடியே கண்டுவிட முடியும் என்று அதனால் ஆகிவிடாது.

வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய நிகழ்வை, ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள இடங்களிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால், சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம் என்று எட்மண்ட் ஹேலி 1716இல் எழுதினார். அவர் இறந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1769இல், தாஹித்தித் தீவிலும், கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையிலும், நார்வேயின் வட கோடியிலும், வேறு பல இடங்களிலும் தொலைநோக்கிகளோடு காத்திருந்தவர்களின் குறிப்புகளைச் சேர்த்தபோதுதான், இன்றைய மதிப்புக்கு மிக நெருங்கிய எண் கிடைத்தது. எத்தனை கூர்மையான கருவி இருந்திருந்தாலும், ஒரே நகரத்தில் அமர்ந்து அந்த முறையில் அந்த எண்ணைப் பெற்றிருக்க முடியாது. இடங்களுக்கு இடையிலிருந்த தூரமே அங்கே கருவியாக அமைந்தது.

எம் 87 என்னும் விண்மீன் மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையின் படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானபோதும் நடந்தது இதுவேதான். அரிசோனா, ஹவாய், மெக்சிகோ, சிலி, ஸ்பெயின் ஆகிய இடங்களில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் அதை ஒரே சமயத்தில் நோக்கிப் பதிவு செய்தவற்றை இணைத்து, ஏறத்தாழ பூமியின் அளவுள்ள ஒரே தொலைநோக்கியால் கிடைக்கக்கூடிய நுட்பத்தை எட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1904இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது என்பதைக் கண்டறிய முயன்றார். அவர் தேர்ந்த கணித அறிஞர். வானிலையியலை முறையாகப் பயின்றவர் அல்லர். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, இந்தியாவின் மழையை இந்தியாவின் பதிவேடுகளில் மட்டும் தேட வேண்டும் என்ற பழக்கம் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்த அளவீடுகளைத் திரட்டி ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது என்னும் ஊசலாட்டத்தைக் கண்டார். பெரு நாட்டுக் கடற்கரை மீனவர்கள் அறிந்திருந்த எல் நினோவும் (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமடையும் நிகழ்வு) இந்த ஊசலாட்டமும் ஒரே இயக்கத்தின் இரு முகங்கள் என்பதை 1969இல் ஜேகப் பியர்க்னஸ் விளக்கினார். மழை பெய்யும் நிலத்துக்கும் அதன் காரணம் இருந்த கடலுக்கும் இடையே இருந்தது பாதி உலகம்.

கேள்வி (மருத்துவக் கல்லூரி மாணவர்): எல்லா மக்களையும் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்பது நியாயம் சார்ந்த கோரிக்கையா, அறிவியல் சார்ந்த கோரிக்கையா?

பதில்: இரண்டும்தான். ஆயினும் முதலாவதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள் என்பதால் இரண்டாவதைப் பற்றிச் சொல்கிறேன்.

நோய்களோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகளை முழு மரபணுத் தொகுதியிலும் தேடும் ஆய்வுகளில், 2009ஆம் ஆண்டுக் கணக்குப்படி பங்கேற்றவர்களுள் 96 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2016இல் அது 81 விழுக்காடாகக் குறைந்தபோதும், அதற்குப் பெருமளவு காரணம் ஆசியர்களின் வருகையே. மனித இனத்தின் மரபணு வேறுபாடுகள் மிகுதியாக உள்ள கண்டமான ஆப்பிரிக்காவின் பங்கு அப்போதும் மிகச் சொற்பமாகவே இருந்தது. இதன் விலையை நோயாளிகள் கொடுத்திருக்கிறார்கள். இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய்க்குக் காரணமானவை என்று சோதனைக்கூடங்கள் அறிவித்த சில மரபணு மாற்றங்கள், கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாகக் காணப்படும், தீங்கற்ற மாற்றங்கள் என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒப்பீட்டுக் குழுவில் அந்த மக்களுள் சிறு எண்ணிக்கையினரைச் சேர்த்திருந்தாலே பிழை நேர்ந்திராது என்றும் அவ்வாய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். தமக்கு இல்லாத பரம்பரை நோய் இருப்பதாகச் சிலர் நம்ப நேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் நடந்த இதய நல ஆய்வு, கறுப்பின மக்களைத் திட்டமிட்டே பெரும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டது. அங்கே ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும், பிசிஎஸ்கே9 என்னும் மரபணு செயலிழந்திருந்தவர்களிடம் கெட்ட கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதை 2005இல் கண்டார்கள். இத்தகைய மாற்றம் கறுப்பின அமெரிக்கர்களுள் நூற்றுக்கு இருவர் அளவில் இருக்க, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அரிது. அடுத்த ஆண்டில் வெளியான தொடராய்வு, இந்த மாற்றம் கொண்ட கறுப்பின மக்களுக்கு மாரடைப்பு முதலிய இதயத் தமனி நோய்கள் ஏற்படும் வாய்ப்பு 88 விழுக்காடு குறைவு என்று கூறியது. அதை அடியொற்றி உருவான, பிசிஎஸ்கே9 புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015இல் ஒப்புதல் பெற்றன. இன்று எல்லா இனத்தவரும் அவற்றால் பயன்பெறுகிறார்கள். ஒரே வம்சாவளியினரிடம் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இந்தக் கதவு எப்போது திறந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (மொழியியல் ஆர்வலர்): ஏழாயிரம் மொழிகளில் ஒரு சில நூறு பேர் பேசும் ஒரு மொழியால் ஒரு கோட்பாடு ஆட்டம் காணுமா?

பதில்: காணும். செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற வரிசையை இயல்பான அடிப்படை வரிசையாகக் கொண்ட மொழியே இருக்க முடியாது என்று மொழியியலாளர் பலர் கருதியிருந்த காலத்தில், பிரேசிலின் அமேசான் பகுதியில் வழங்கும் ஹிஷ்கரியானா அத்தகைய மொழிதான் என்று டெஸ்மண்ட் டெர்பிஷயர் 1977இல் விளக்கிக் காட்டினார். அந்த வரிசை அரிது என்று இன்றும் சொல்லலாம். இயலாதது என்று சொல்ல முடியாது.

கேள்வி (நூலகர்): ஆங்கிலத்தில் வெளிவராத ஆய்வுகளைத் தேடித் தருமாறு ஆய்வாளர்கள் எவரும் கேட்பதில்லை. அவற்றில் இழப்பதற்கு ஏதேனும் இருக்கிறதா?

பதில்: நிறைய இருக்கிறது. உயிரினப் பாதுகாப்புத் துறையில் 2014இல் வெளியான 75,513 ஆவணங்களைப் பதினாறு மொழிகளில் தேடித் திரட்டிய ஓர் ஆய்வு, அவற்றுள் 35.6 விழுக்காடு ஆங்கிலத்தில் இல்லை என்று கண்டது. பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் பன்றிகளிடமும் தொற்றியிருப்பதைத் தெரிவித்த கட்டுரை ஒன்று, 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீன மொழி ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. பன்றியின் உடலில் மனித வைரஸும் பறவை வைரஸும் கலந்து புதிய வகை உருவாகக்கூடும் என்பதால் இது மிக அவசரமான செய்தி. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டு வரை அது உலக அமைப்புகளின் கவனத்துக்கு வரவில்லை. அச்சேறி, எவரும் படிக்கத்தக்க நிலையில் இருந்தும் அத்தனை மாதங்கள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. உங்களைப் போன்ற நூலகர்கள், ஆய்வாளர்கள் கேட்கும்வரை காத்திராமல், ‘இதே தலைப்பை இன்னும் இரண்டு மொழிகளில் தேடிவிட்டீர்களா?’ என்று நீங்களே கேட்கத் தொடங்கினால் அது பெரிய தொண்டு. மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் இன்று கட்டுரையின் சாரத்தையாவது தந்துவிடுகின்றன. எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவது என்பதில்தான் இன்னும் மனிதரின் உதவி தேவைப்படுகிறது.

கேள்வி (இளம் ஆய்வாளர்): பல நாடுகளில் தரவு சேகரிக்க எனக்குப் பண வசதி இல்லை. வசதியுள்ளவர்கள் செல்லும்போதும், மாதிரிகளை எடுத்துக்கொண்டு போய், உள்ளூரில் உதவியவர்களின் பெயரைக்கூடக் கட்டுரையில் போடுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். என் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வந்திறங்கி, எடுத்துக்கொண்டு, பறந்துவிடும் அந்த முறைக்கு ‘ஹெலிகாப்டர் ஆய்வு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேலே நான் குறிப்பிட்ட சான் மக்கள், தலைமுறை தலைமுறையாக ஆய்வுப் பொருளாகவே நடத்தப்பட்டுச் சலித்துப்போய், தம்மிடம் ஆய்வு செய்ய வருவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகளை 2017இல் தாமே வகுத்து வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றோடு, உரிய முறைப்படி அனுமதி பெறுவதும் அதில் உள்ளது. ஆய்வின் முடிவுகளைத் தங்களிடம் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதும் அவர்களின் எதிர்பார்ப்பு. நீங்கள் எந்தச் சமூகத்தை ஆராய்ந்தாலும் அந்தச் சிறு ஆவணத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி உங்கள் வசதிக் குறைவைப் பற்றி. பொதுவில் உள்ள மேய்ச்சல் நிலத்தையும் நீரையும் ஒவ்வொருவரும் தம் நலத்துக்காகச் சுரண்டி, இறுதியில் எல்லோரும் இழப்பார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதியது, பொருளியலிலும் அரசியலிலும் ஏறத்தாழ விதியாகவே ஏற்கப்பட்டிருந்தது. எலினோர் ஆஸ்ட்ரோம் அதை மறுத்த விதத்தைக் கவனியுங்கள். அவர் நேரடிக் கள ஆய்வும் செய்தவர்தான். ஆனால் 1990இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு வலுச் சேர்த்தவை, மானிடவியல், வரலாறு, பாசனப் பொறியியல் முதலிய துறைகளில் வெவ்வேறு நாட்டவர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த, ஒருவரையொருவர் அறியாத கள ஆய்வுகள். குளிர்காலத்தில் தீனி போட்டு வளர்க்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் எவரும் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது என்று 1517இலேயே விதித்திருந்த சுவிட்சர்லாந்தின் டொர்பெல் கிராமம், ஜப்பானின் பொதுக் காடுகள், ஸ்பெயினின் வலென்சியாப் பாசன அமைப்பு, பிலிப்பைன்ஸின் சாஞ்சேராப் பாசனச் சங்கங்கள் ஆகியவற்றை அருகருகே வைத்தபோது, நீடித்து நின்ற ஏற்பாடுகளுக்கு இடையே சில பொது இயல்புகள் தெரிந்தன. தோல்வியுற்ற ஏற்பாடுகளையும் அவர் ஒதுக்கிவிடாமல் சேர்த்தே ஆராய்ந்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவரே.

ஆகையால், உங்கள் கருதுகோள் மெய்யாகும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டுவதற்கு முன், அது பொய்த்துப்போன ஓர் இடத்தைப் பற்றி, அந்த மண்ணில் நெடுங்காலம் தங்கி எழுதியவரின் ஆய்வு ஒன்றைத் தேடிப் பிடித்து, சுருக்கத்தோடு நின்றுவிடாமல் முழுவதையும் படியுங்கள். படித்த பிறகு உங்கள் கருதுகோளின் வாசகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதுங்கள்.